சாட்சியே வராத வழக்கை நீதிபதி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாதா?

ஜெலுத்தோங் மாமன் (திங்கள், இரவு 10.42)

சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். என் அக்கா மகனைப் பற்றியது.

பையனுக்கு இருபத்து நான்கு வயது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். சென்ற ஆண்டு அங்கே ஆறு பெட்டி உதிரிப் பாகங்கள் காணாமல் போயின. அன்றிரவு பணியில் இருந்த மூவரில் இவன் மேல் மட்டும் குற்றம் சாட்டினார்கள். தண்டனைச் சட்டம் 381, முதலாளியின் பொருளை ஊழியன் திருடியது. ஏழு ஆண்டு வரை சிறை உண்டு என்று வழக்கறிஞர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று போன தூக்கம் அக்காவுக்கு இன்னும் திரும்பவில்லை.

விசாரணைக்கு மூன்று முறை தேதி வைத்தார்கள். முதல் முறை விசாரணை அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை கேமரா பதிவை எடுத்துக் கொடுத்தவருக்கு அழைப்பாணை போய்ச் சேரவில்லை. மூன்றாம் முறை, கிடங்கு மேற்பார்வையாளர் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டாராம். அரசுத் தரப்பு நான்காவது தேதி கேட்டது. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். இனித் தேதி கிடையாது என்றார். எங்கள் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்தப் பால் ஐந்து நிமிடத்தில் திரிந்துவிட்டது. அடுத்து அவர் சொன்ன வார்த்தை டிஎன்ஏஏ, அதாவது முழு விடுதலை ஆகாத விடுவிப்பு.

ஜாமீனுக்காக அக்கா பெயரில் மூவாயிரம் வெள்ளி போட்டு ஒப்படைத்திருந்த பேங்க் புத்தகத்தைத் திரும்பப் பெறலாம் என்றார்கள். பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் ‘விட்டிருக்கிறார்கள், மறுபடியும் அழைக்கலாம்’ என்று வழக்கறிஞர் சொல்கிறார். இது என்ன விடுதலை? சாட்சி இல்லை என்பது கண்ணுக்கு நேரே தெரிந்த பிறகும், அந்த நாற்காலியில் இருப்பவருக்கு வழக்கை முழுதாக முடிக்க அதிகாரம் இல்லையா? அல்லது இருந்தும் செய்யாமல் விட்டாரா?

செந்தூல் கேள்விக்குறி (திங்கள், இரவு 11.05)

அண்ணே, உங்கள் மருமகன் துணைப் பிரதமராக இருந்திருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 4-ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் அகமட் ஸாஹிட் ஹமிடி 47 குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஒரே நாளில் வெளியே வந்தாரே! எதிர்வாதம் புரியும்படி நீதிமன்றமே உத்தரவிட்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்த வழக்கு அது. ஆறு பெட்டிக்குத்தான் சட்டம் இழுத்துக்கொண்டே போகும்.

லைட் தெரு துபாஷி (செவ்வாய், காலை 6.20)

கேள்விக்குறி தம்பி, நீர் சொன்ன வழக்கில் கிடைத்ததும் டிஎன்ஏஏதான். ஜெலுத்தோங்கார மருமகனுக்கும் ஸாஹிட்டுக்கும் கிடைத்த தாளின் பெயர் ஒன்றே. அது வந்த வழி வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் முப்பத்தொரு ஆண்டு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, நீதிபதி சொல்வதைத் தமிழில் சொல்வது என் பிழைப்பு. கொலைக் குற்றச்சாட்டைக்கூடத் திக்காமல் மொழிபெயர்த்திருக்கிறேன். என்னைத் திணற வைத்தது இந்த ஒன்றுதான். மலாயில் அழகாகச் சொல்வார்கள்: டிலெபாஸ்கான் தன்பா டிபெபாஸ்கான். லெபாஸ் என்றால் கையை விடுவது. பெபாஸ் என்றால் முழுச் சுதந்திரம். தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டையும் ‘விடுதலை’ என்று தலைப்பில் போட்டுவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. நான் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ‘கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள் தம்பி, கழுத்தில் அப்படியே இருக்கிறது’ என்பேன். தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு பாட்டி மட்டும், ‘அப்படியென்றால் யார் வந்து பிடிப்பான் என்று அந்த ஐயாவையே கேள்’ என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். கேட்கவும் செய்தேன். நீதிபதி சிரிக்கவில்லை. அரசுத் தரப்பு மேசையைப் பார்த்தார். பாட்டிக்கான பதில் அந்தப் பார்வையிலேயே இருந்தது.

மாமன் கேட்டதற்கு வருகிறேன். மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173-ஆம் பிரிவுதான் ரயில் பாதை. அரசுத் தரப்பு சாட்சிகளை முடித்த பிறகு முதல் பார்வையிலேயே வழக்கு நிற்கவில்லை என்றால் நீதிபதி விடுதலை செய்ய வேண்டும். அது முழு விடுதலை. நின்றால் எதிர்வாதத்துக்கு அழைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் சந்தேகம் மிஞ்சினால் அப்போதும் முழு விடுதலை. இவற்றுக்கு முன்னால், ஒரு சாட்சிகூட ஏறாத கட்டத்தில், அவர் கையில் இருப்பது 173(ஜி) என்கிற சிறிய கதவு. குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று கருதினால், காரணத்தைப் பதிவு செய்து, எந்தக் கட்டத்திலும் விடுவிக்கலாம். அந்த வரியில் உள்ள சொல் விடுவிப்பு. விடுதலை என்ற சொல் அங்கே இல்லை.

மாஜிஸ்திரேட் இரக்கமில்லாதவர் என்று நினைக்க வேண்டாம். நிறுக்கப் பொருளே வராத தராசைப் பார்த்து எடை சொல்லச் சொல்கிறீர்கள்.

ஜெலுத்தோங் மாமன் (செவ்வாய், காலை 7.48)

ஐயா, கடை திறக்கும் நேரம், ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். பொருளைக் கொண்டு வராதது அவர்கள் குற்றம்தானே? மூன்று தடவை சந்தைக்கு வரச் சொல்லி மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தவனுக்கு நான்காவது வாய்ப்பை ஏன் திறந்தே வைக்க வேண்டும்?

இளவேனில், கோலாலம்பூர் (செவ்வாய், மதியம் 1.15)

ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்து உணவகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிரிமினல் வழக்கறிஞராக ஆறாவது ஆண்டு. துபாஷி ஐயா சொன்னது பெரும்பாலும் சரி. ஒரு திருத்தம் கடைசியில் வைத்திருக்கிறேன்.

மாமா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் உங்களைவிட நூறு மடங்கு வசதி உள்ளவருக்கும் இதே பதில்தான் கிடைத்தது. முன்னாள் பிரதமர் நஜிப் மீதும் நிதியமைச்சின் முன்னாள் தலைமைச் செயலாளர் மீதும் 660 கோடி வெள்ளி தொடர்பான ஆறு நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டுகள் 2018-இல் சுமத்தப்பட்டன. அதே நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின்படி விசாரணை தொடங்கும் முன் கொடுக்க வேண்டிய ஆவணங்களை அரசுத் தரப்பு ஆறு ஆண்டுகளாகியும் கொடுத்து முடிக்கவில்லை. 2024 நவம்பர் 27-இல் உயர் நீதிமன்றம் அதைக் காரணம் காட்டி இருவரையும் விடுவித்தது. என்ன உத்தரவு தெரியுமா? டிஎன்ஏஏ. தாமதத்துக்கு அரசுத் தரப்பைக் கண்டிக்கலாம், தேதி தர மறுக்கலாம், கைதியை வீட்டுக்கு அனுப்பலாம். குற்றம் செய்யவில்லை என்று தீர்ப்புச் சொல்ல மட்டும் சாட்சியம் வேண்டும்.

காரணம் கூட்டரசு அரசியலமைப்பின் 145(3). ஒரு குற்ற வழக்கைத் தொடங்குவதும் நடத்துவதும் நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை. கோப்பு அவருடையது. நீதிபதிக்குச் சொந்தமானது, கோப்பு தன் முன் விரிக்கப்பட்டிருக்கும் நேரம் மட்டுமே. முழு விடுதலை கிடைத்தால் 7(2)-ஆவது விதி வந்து நிற்கும். அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. சாட்சி கேட்காமலேயே அந்தப் பூட்டைப் போட நீதிபதிகள் தயங்குவது அதனால்தான்.

திருத்தம் இதுதான் ஐயா. 173(ஜி) வழியாக முழு விடுதலையே தர முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடக் கூடாது. எங்கள் தரப்பில் நாங்கள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

லைட் தெரு துபாஷி (செவ்வாய், மதியம் 2.02)

வாதாடுங்கள் அம்மா. நான் மொழிபெயர்த்தவன், வாதாடியவன் இல்லை. ஆனால் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவன். கீழ் நீதிமன்றத்தில் அந்த வாதம் ஜெயித்து நான் பார்த்தது மிகக் குறைவு.

செந்தூல் கேள்விக்குறி (செவ்வாய், மாலை 5.30)

சாட்சி கேட்காமல் முழு விடுதலை தர முடியாது என்று இருவரும் சத்தியம் செய்கிறீர்கள். முன்னாள் பிரதமர் முஹிடின் யாசினுக்கு எப்படிக் கிடைத்தது? 2023 ஆகஸ்ட் 15. நான்கு அதிகார முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள், 23 கோடியே 25 லட்சம் வெள்ளி. ஒரு சாட்சி கூண்டில் ஏறினாரா? உயர் நீதிமன்றம் முழுதாக விட்டதா இல்லையா? அடுத்த ஆண்டு டிசம்பரில் நஜிப்பின் மனைவி ரோஸ்மாவின் 17 குற்றச்சாட்டுகளும் அப்படியே போயின. இப்போது சொல்லுங்கள், அதிகாரம் இல்லையா, அல்லது ஆளைப் பார்த்து வருமா?

இளவேனில், கோலாலம்பூர் (செவ்வாய், இரவு 9.40)

நல்ல கேள்வி, கோபத்தோடு வந்தாலும். இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வாதம் ‘சாட்சி இல்லை’ என்பது கிடையாது. ‘குற்றச்சாட்டுத் தாளே குறையுள்ளது’ என்பதுதான். ஒரு குற்றச்சாட்டில் என்ன குற்றம், எந்தத் தேதி, எந்த இடம், எப்படிச் செய்தார் என்று எதிராளி புரிந்துகொள்ளும் அளவு விவரம் இருக்க வேண்டும். 152 முதல் 154 வரையிலான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. முஹிடின் வழக்கில், பதவியை எப்படித் தவறாகப் பயன்படுத்தினார் என்ற விவரம் இல்லை, தெளிவற்றது என்று கூறி உயர் நீதிமன்றம் நான்கையும் தள்ளியது.

பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள், அண்ணா. 2024 பிப்ரவரி 28-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைக் கவிழ்த்து, குற்றச்சாட்டுகள் தெளிவாகவே இருக்கின்றன என்று நான்கையும் மீண்டும் உயிர்ப்பித்தது. ஆறரை மாதம்தான் அந்த விடுதலைக்கு ஆயுள்.

இந்த இடத்தில் சட்டம் நீதிபதியின் கையைக் கட்டுவதைப் பாருங்கள். குற்றச்சாட்டில் பிழை இருந்தால், தீர்ப்பு வாசிக்கும் முன்புவரை நீதிமன்றமே அதைத் திருத்தலாம் என்கிறது 158. பிழையால் எதிராளி உண்மையிலேயே ஏமாந்து, நீதி தவறியிருந்தால் ஒழிய அந்தப் பிழை பெரிதல்ல என்கிறது 156. ஓட்டையை அடைக்கக் கையில் சிமெண்டு கொடுத்திருக்கும்போது ‘சுவர் ஓட்டை, அதனால் வீட்டை இடிக்கிறேன்’ என்றால் மேலே உள்ளவர்கள் கேட்பார்கள். குற்றச்சாட்டு எந்தச் சட்டத்தின்படியும் குற்றமே ஆகாது என்ற அளவுக்கு இருந்தால் மட்டும் கதை வேறு.

ஆளைப் பார்த்து வருமா என்று கேட்டீர்கள். வாதாட எத்தனை நாள் வாங்க முடியும் என்பது ஆளைப் பார்த்துத்தான் வருகிறது. அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் 381-ஆம் பிரிவு வழக்கோடு வரும் பையனுக்கு, குற்றச்சாட்டை உடைக்க உயர் நீதிமன்றம்வரை போக யாரும் காசு கட்டுவதில்லை.

பட்டர்வொர்த் முன்னாள் சார்ஜன் (செவ்வாய், இரவு 10.10)

எல்லாரும் விசாரணை அதிகாரியைத் திட்டுகிறீர்கள். சாட்சியின் வீட்டுக் கதவைத் தட்டி ‘நாளை வாருங்கள்’ என்று கெஞ்சியது நான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்தவர்கள் எத்தனை பேர்! ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று வராதவர்கள் எத்தனை பேர்! சாட்சி வராததற்காக நீதிபதி ஒவ்வொரு வழக்கையும் முழுதாக மூடினால், சாட்சியை வராமல் ‘பார்த்துக்கொள்கிறவர்கள்’ பிழைத்துப் போவார்கள். அதையும் யோசியுங்கள். மருமகன் நல்ல பையனாகவே இருக்கட்டும், சட்டத்துக்கு அவன் முகம் தெரியாது.

ஜெலுத்தோங் மாமன் (செவ்வாய், இரவு 10.31)

சார்ஜன் சொல்வதும் உரைக்கிறது. மறுக்க வாய் வரவில்லை.

காரைக்கால் மருமகள் (புதன், காலை 9.05)

நான் தமிழ்நாட்டில் சட்டம் படித்துவிட்டு இங்கே தஞ்சோங் பூங்காவில் குடியேறியவள். இங்கே தொழில் செய்யவில்லை, ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது கை பரபரக்கிறது.

அங்கே போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். குற்றச்சாட்டை வனைவது நீதிமன்றம். வனையும் முன் ஆவணங்களைப் பார்த்து ‘இதில் ஒன்றுமில்லை’ என்று நீதிபதி விடுவிக்கலாம். பழைய சட்டத்தில் 227, 239 என்ற எண்கள் கிரிமினல் வழக்கறிஞர்கள் தூக்கத்திலும் சொல்லும் எண்கள். சாட்சி ஒருவரும் வருவதற்கு முன்பே திறக்கும் கதவு அது. அதைவிட, அரசு வழக்கறிஞர் வழக்கை வாபஸ் பெற வேண்டுமானால் நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும்; 321. இப்போது புதிய சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன, ஏற்பாடு மாறவில்லை.

இங்கே வந்து நடைமுறைச் சட்டத்தின் 254-ஐப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் ‘இனி நடத்தப் போவதில்லை’ என்று அரசுத் தரப்பு சொன்னால் போதும். நடவடிக்கை நிற்க வேண்டும், ஆள் போகலாம். நீதிபதியின் அனுமதி என்ற பேச்சே இல்லை. நான் படித்தது சரிதானா?

லைட் தெரு துபாஷி (புதன், காலை 10.50)

சரிதான் அம்மா. நேற்றுக் காலையில் ஸாஹிட் வழக்கைப் பற்றி நான் பாக்கி வைத்த ‘வேறு வழி’ அதுதான்.

254-இல் நீதிபதிக்கு ஒரே ஒரு துரும்பு மிச்சம் இருக்கிறது. அந்த விடுவிப்பு விடுதலைக்குச் சமமாகாது, நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டால் ஒழிய. நிறுத்துவதைத் தடுக்க முடியாது. நின்ற வண்டியை ஓரம் கட்டுவதா, சாவியை வாங்கிப் பூட்டுவதா என்பது மட்டும் அவர் கையில். 2018 செப்டம்பர் 3-இல் நம்மூர் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் முன்னாள் முதலமைச்சர் லிம் குவான் எங்கின் பங்களா வழக்கை அரசுத் தரப்பு கைவிட்டபோது நீதிமன்றம் முழு விடுதலை கொடுத்தது. ஐந்து ஆண்டு கழித்து ஸாஹிட் வழக்கில் முழு விடுதலை கேட்டும் டிஎன்ஏஏதான் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்தத் துரும்பின் நீளம் தெரியும்.

இந்த அதிகாரம் எப்போதும் பெரியவர்களுக்கே உதவும் என்றும் சொல்ல முடியாது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி நம்மவர்கள் 12 பேரைப் பிடித்தார்களே, இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட. பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா சட்டம், ஜாமீன் கிடையாது, தீபாவளியை உள்ளேயே கழித்தார்கள். 2020 பிப்ரவரி 21-இல் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் இதே 145(3)-ஐக் கொண்டு எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். விசாரணை நீதிபதி ஒருவர் அதைத் தானாகச் செய்திருக்க முடியாது.

செந்தூல் கேள்விக்குறி (புதன், காலை 11.20)

அப்படியென்றால் நீதிபதி ரப்பர் முத்திரையா? அரசன் ஒருவன், பல்லக்குத் தூக்கி இன்னொருவன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்தச் சட்டத்துறைத் தலைவரை யார் கேட்பது? நீங்கள் எல்லாரும் அவர்கள் சம்பளப் பட்டியலில்

மட்டுறுத்துநர் (புதன், காலை 11.34)

மேலே உள்ள பதிவின் கடைசி வாக்கியம் வெட்டப்பட்டது. கேள்விக்குறி, கேள்வி கேளுங்கள். சக உறுப்பினர்களின் சம்பளத்தை விட்டுவிடுங்கள்.

இளவேனில், கோலாலம்பூர் (புதன், இரவு 8.15)

என் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் அண்ணன் எனக்கு ஒரு தே தாரிக் வாங்கித் தருவார்.

யார் கேட்பது என்பதற்குப் பதில் இருக்கிறது. பல காலம் 145(3) கேள்வி கேட்க முடியாத அதிகாரம் என்றே நீதிமன்றங்கள் சொல்லி வந்தன. 1970-களில் கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. 2021-இல் சுந்தரா ராஜூ வழக்கில் அதே நீதிமன்றம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தி, வழக்குத் தொடுக்கும் முடிவும் அரிதான தருணங்களில் நீதிமுறை மறுஆய்வுக்கு உட்பட்டது என்றது. அனைத்துலக நடுவர் மையத்தின் இயக்குநராக இருந்த அவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தும் குற்றம் சாட்டியிருந்தார்கள். ஆனால் கவனியுங்கள், அந்தக் கதவு விசாரணை நீதிபதியின் மேசையில் இல்லை. வேறு வழக்கு, வேறு மனு, வேறு செலவு.

முதல் பார்வை வழக்கு என்ற கட்டத்திலும் நீதிபதியின் சுதந்திரம் ஊசலாடி வந்திருக்கிறது. 1981-இல் லண்டன் பிரிவி கவுன்சில், சிங்கப்பூரிலிருந்து போன ஒரு வழக்கில், சாட்சியத்தை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்றது. 1990-களில் நம் உச்ச நீதிமன்றங்கள், இல்லை, அரசுத் தரப்பு அந்தக் கட்டத்திலேயே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று தள்ளின. 1997-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மறுபடி முதல் பார்வைக்கே கொண்டு வந்தது. அது முடிந்தது என்று நினைத்தால், 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவில் ஒரு கேள்வியை வைத்தது: எதிர்வாதத்துக்கு அழைத்து, இவன் வாயே திறக்காமல் நின்றால், இந்தச் சாட்சியத்தை வைத்து நான் தண்டிக்கத் தயாரா? தயாரில்லை என்றால் அழைக்கக் கூடாது. எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். நீதிபதி தன்னையே கூண்டில் ஏற்றிக் கேட்கும் கேள்வி.

லைட் தெரு துபாஷி (புதன், இரவு 9.55)

அந்தக் கட்டத்தில் கொடுத்த முழு விடுதலைகூட நிலைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நம் தீவுக்காரர், வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான கர்ப்பால் சிங்கைவிட வேறு உதாரணம் வேண்டாம். 2009 பேராக் மாநில ஆட்சி நெருக்கடியின்போது அங்குள்ள சுல்தானைப் பற்றிப் பேசியதற்காகத் தேச நிந்தனை வழக்கு. 2010 ஜூனில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் எதிர்வாதத்துக்கே அழைக்காமல் விடுதலை செய்தது. 2012 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, எதிர்வாதம் புரி என்று திருப்பி அனுப்பியது. 2014 பிப்ரவரியில் குற்றவாளி, மார்ச்சில் நாலாயிரம் வெள்ளி அபராதம். ஏப்ரலில் சாலை விபத்தில் போய்விட்டார். அவர் குற்றவாளி இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது 2019 மார்ச்சில். ஐந்தாண்டு தாமதம். நான் அன்று லைட் தெருவில் லோகன் நினைவுச் சின்னத்தின் படியில் உட்கார்ந்து செய்தியைப் படித்தேன். உள்ளே எத்தனையோ தடவை அந்த மனிதர் குரலைக் கேட்டிருக்கிறேன். மைக் வேண்டாத குரல்.

மாமன், இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் மாஜிஸ்திரேட் கோபத்தில் முழு விடுதலை எழுதியிருந்தால், அரசுத் தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். சாட்சி கேட்காத விடுதலையைக் கவிழ்ப்பது எளிது. மருமகன் மறுபடி ஜாமீன், மறுபடி தேதி என்று அலைந்திருப்பான்.

ஜெலுத்தோங் மாமன் (வியாழன், காலை 7.30)

நேற்று இரவு எல்லாவற்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கயிறு, முளை என்ற இடத்தில் தலையாட்டினார். பிறகு கேட்டார்: ‘கயிற்றை எத்தனை வருஷம் கழுத்தில் வைத்திருக்கலாம்?’ என்னிடம் பதில் இல்லை.

வேலை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, நீதிமன்ற வழக்கு உண்டா என்று. பையன் பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

இளவேனில், கோலாலம்பூர் (வியாழன், மதியம் 12.50)

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: பொதுவாக இங்கே குற்ற வழக்குக்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் சும்மா காத்திருக்கவும் வேண்டியதில்லை.

விண்ணப்பத்தின் கேள்வியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். ‘தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா’ என்றால் இல்லை. ‘நிலுவையில் வழக்கு உண்டா’ என்றால் இன்று நீதிமன்றத்தில் எதுவும் நிலுவையில் இல்லை. ‘எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டீர்களா’ என்றால் ஆம் என்று எழுதி, விடுவிக்கப்பட்ட தேதியையும் சேர்க்க வேண்டும். பொய் எழுதி மாட்டுவது ஆறு பெட்டியைவிட மோசம்.

அடுத்து, அந்த நாளின் நடவடிக்கைக் குறிப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று முறை ஒத்திவைப்பு, ஒவ்வொன்றுக்கும் காரணம், நான்காவது தேதி ஏன் மறுக்கப்பட்டது, எல்லாம் அதில் மாஜிஸ்திரேட்டின் வார்த்தையிலேயே இருக்கும். அதை இணைத்து, இனி வழக்குத் தொடுக்கப் போவதில்லை என்று முடிவெடுக்கும்படி மாநில அரசுத் தரப்பு அலுவலகத்துக்கு முறையீட்டுக் கடிதம் எழுதலாம். 323-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை மறுஆய்வு செய்யக் கேட்பது இன்னொரு வழி. அதற்கு உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேசுங்கள், இரு பக்கமும் வெட்டும் கத்தி அது. நான் முதலில் கடிதத்தைத்தான் எழுதுவேன்.

பட்டர்வொர்த் முன்னாள் சார்ஜன் (வியாழன், மதியம் 1.20)

கடிதத்தில் போலீஸ் புகார் எண்ணையும் நீதிமன்ற வழக்கு எண்ணையும் இரண்டையும் போடுங்கள். ஒன்று இல்லாவிட்டால் கோப்பைத் தேடவே ஒரு மாதம் ஆகும். விசாரணை அதிகாரிக்கும் ஒரு பிரதி. வெட்கப்பட வேண்டாம்.

செந்தூல் கேள்விக்குறி (வியாழன், மாலை 6.45)

மாமன், நேற்றுச் சூடாகிவிட்டேன், மன்னியுங்கள். என் தம்பியும் ஒரு காலத்தில் இப்படிக் கயிற்றோடு திரிந்தவன். நான்கு ஆண்டு. யாரும் கூப்பிடவில்லை. ஆனால் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் இன்றும் ஜன்னல் பக்கம் போகிறான்.

லைட் தெரு துபாஷி (வியாழன், இரவு 8.30)

கடிதம் மலாயில் இருக்க வேண்டும் மாமன். சனிக்கிழமை காலை குறிப்பின் நகலையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வழக்கறிஞர் பார்த்துக் கையொப்பமிடட்டும். எழுதித் தருவது என் வேலை. காசு வேண்டாம். அக்காவையும் அழைத்து வாருங்கள், அந்தப் பாட்டிக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை இவரிடமாவது சொல்லிப் பார்க்கிறேன்.

ஜெலுத்தோங் மாமன் (வியாழன், இரவு 8.52)

வருகிறோம் ஐயா. அக்கா இன்று பேங்க் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டார். மூவாயிரத்தையும் அப்படியே விட்டு வைக்கப் போகிறாராம். ‘மறுபடி கேட்டால் எங்கே போவேன்’ என்கிறார்.